அமாவாசையில் ஓடாத தொண்ணூற்றொரு தறிகள்

1

2024 ஜனவரி 11, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெளியே மைனஸ் இருபத்தொன்று. காற்றையும் சேர்த்தால் மைனஸ் முப்பத்து மூன்று. வின்னிபெக்கில் குளிருக்கு இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று கருவிக்குத் தெரிவது, மற்றது உடம்புக்குத் தெரிவது. இரண்டையும் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருப்பது என் வழக்கம்.

அந்த நேரத்தில்தான் பேத்தி தாரிணி வந்தாள். பூட்ஸைக் கழற்ற நான்கு நிமிடம், மடிக்கணினியைத் திறக்க ஒன்று. பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. முதன்மைப் பாடம் சமூகவியல், துணைக்கு அரசியல் அறிவியல். நான் படித்ததைத் தலைகீழாகப் படிக்கிறாள்.

"தாத்தா, ஒரு சர்வே. இருபது நிமிஷம்தான். நீங்க என் சாம்பிள்."

"நான் இன்னாவாம்?"

"சாம்பிள். செவன்டிக்கு மேல, லோன்லியா இருக்கிறவங்க."

இருபத்திரண்டு கேள்விகள். ஏழாவது கேள்வி: இன்று எத்தனை பேருடன் பேசினீர்கள்? எண்ணிப் பார்த்தேன். மகன் ஆறு நாற்பதுக்குக் கிளம்பியபோது நான் குளியலறையில். மருமகள் ரசம் எங்கே இருக்கிறது என்பதைச் சீட்டில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். வியாழன்தோறும் நூலகத்தில் நாங்கள் ஐந்து கிழவர்கள் கூடுவோம். இன்று இந்தக் குளிரில் பேருந்துக்கு நிற்க முடியாதென்று போகவில்லை.

"யாருமில்ல," என்றேன்.

"ஸீரோ," என்று தட்டினாள்.

"ஏன்னு கேளும்மா."

"ஏன்னு கேக்க பாக்ஸ் இல்ல தாத்தா."

ஊரிலிருந்து வரவழைத்த தினசரி நாள்காட்டி அவள் தலைக்குப் பின்னால் தொங்கியது. அன்றைய தாளில் கறுப்பு வட்டம். அமாவாசை. விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முப்பத்தாறு நாள் குறைவு. நானும் இப்படித்தான், ஏன் என்று எழுதக் கட்டமில்லாத ஒரு தாளில், ஒரே நாளில் தொண்ணூற்றொரு பூஜ்யம் எழுதினேன்.

2

காஞ்சிபுரத்தில் அரசியல் படிக்க ஒருவன் கல்லூரிக்குப் போவது, நான்கு தறி வைத்திருப்பவன் பட்டுச் சேலை வாங்கச் சென்னைக்கு பஸ் ஏறுவது மாதிரி. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் படிப்பகங்கள் மட்டும் ஒன்பது. ஒவ்வொன்றிலும் காலை ஆறு மணிக்கே உலக வல்லரசுகளின் கதி தீர்மானமாகிவிடும். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் நாடாளுமன்ற முறையின் குறைகளைப் பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் விளக்கிவிடுவார். கல்லூரியில் அதற்கு ஒரு பருவம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியிருந்தும் 1967இல் நான் பி.ஏ. சேர்ந்தேன். அண்ணன் தணிகாசலம் சேர்த்துவிட்டான். வீட்டில் இரண்டு தறி. அப்பா போன பிறகு இரண்டுக்கும் அவன்தான் பொறுப்பு. பதினான்கு வயதில் என்னைத் தறிக்குழியிலிருந்து தூக்கிவிட்டு, "நீ படி, கைய எண்ணறதுக்கு வச்சிக்கோ," என்றான். எதைப் பார்த்தாலும் எண்ணும் நோய் எனக்கு அப்போதே இருந்தது.

சமூகவியல் நடத்தியவர் அருணாசலம் என்ற விரிவுரையாளர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நல்லவர். நல்லவர் என்பதுதான் பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் காரணம். மக்களைப் புத்தகத்தில் படிக்கக் கூடாது, வீடு வீடாகப் போய்ப் படிக்கவேண்டும் என்றார். அதற்கான கேள்வித்தாளை ஒரு வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்து மொழிபெயர்த்துக் கொடுத்தார். அங்கே ஆலைத் தொழிலாளர்களிடம் கேட்டதாம். மொத்தம் பதினான்கு கேள்வி. மூன்றாவது, குடும்பத் தலைவர் வாரத்தில் எத்தனை முறை வெளியே உணவருந்துகிறார். ஒன்பதாவது, விசாரிக்கும் நேரத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறதா. 'இயந்திரம்' என்பதை அடித்துவிட்டு 'தறி' என்று திருத்தியிருந்தார். உள்ளூர்ச் சூழலுக்கு அவர் செய்த மாற்றம் அது ஒன்றுதான்.

ஆளுக்கொரு தெரு. என் தெரு எனக்கே கிடைத்தது.

3

நெசவாளியிடம் கேள்வி கேட்பது லேசில்லை. குறுக்கிழையைச் சுமந்துகொண்டு நாடா ஓடும்போது அவன் வாயைத் திறக்கமாட்டான், திறந்தால் இழை எண்ணிக்கை தப்பும். ஞாயிற்றுக்கிழமை என்று அவனுக்கு ஒன்று கிடையாது. அவனுக்கு விடுமுறை அமாவாசை. அன்று எந்த வீட்டிலும் நாடா அசையாது. அசைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அசைத்ததில்லை.

1969 பிப்ரவரி 16, மாசி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. எனக்கும் விடுமுறை, தெருவுக்கும் விடுமுறை. வகுப்பில் மற்றவர்கள் நான்கு ஞாயிறு அலைந்ததை ஒரே நாளில் முடிக்கத் திட்டம் போட்டேன். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. அறுபத்து நான்கு வீடு. வீட்டுக்கு எட்டு நிமிடம் இருபத்தாறு விநாடி. நான் செய்ததிலேயே மிகத் திறமையான காரியம் அது. மிக முட்டாள்தனமானதும் அதுதான்.

எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், குளித்து, விபூதி பூசி, சாவகாசமாக. மூன்றாவது கேள்விக்கு எதிர்வீட்டுக்காரர், "வெளியிலன்னா வாசல்லயாப்பா? பின்கட்டுல துன்னா எதுல எழுதுவே?" என்றார். 'பூஜ்யம்' என்று எழுதினேன்.

கடைசி வீட்டுப் பட்டம்மாள் அக்கா ஒன்பதாவது கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"தறி ஓடுதான்னு கேக்குறியே, நீ எந்த ஊருப்பா? காலேஜி போனா கண்ணு தெரியாம பூடுமா?"

"ஃபாரத்துல இருக்குது அக்கா. கேட்டுத்தான் ஆவணும்."

"அப்ப ஓடலன்னு எழுதிக்கோ. ரேகை வேணும்னாலும் வச்சித் தரேன்."

ரேகை வாங்கிக்கொண்டேன். அறுபத்து நான்கு வீடு, தொண்ணூற்றொரு தறி, ஓடுவது பூஜ்யம். ஒரு இடத்திலாவது 'இன்று அமாவாசை' என்று எழுதவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதித்தது என்று யாராவது எழுதுவார்களா?

4

அருணாசலம் சார் தாள்களை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். நூறு விழுக்காடு. சமூகவியல் படித்தவர்களுக்கு நூறு விழுக்காடு கிடைப்பது சாமி நேரில் வந்து நிற்பது மாதிரி. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஒரு தெருவே வேலையில்லாமல் கிடக்கிறது, ஊரில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, தானாவது பேசவேண்டும் என்று அந்த நல்ல மனிதர் முடிவு செய்துவிட்டார்.

மார்ச் மாதக் கல்லூரி விழாவில் சிறந்த களப்பணிக்கென்று எனக்கு ஓர் ஆங்கில அகராதி பரிசு கொடுத்தார்கள். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சென்னையில் எம்.ஏ. படிக்க உதவித்தொகைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவதாகவும் சார் சொன்னார். கையோடு என் அறிக்கையைத் தட்டச்சு செய்து, பட்டு நூல் ஒதுக்கீடு செய்யும் அலுவலகத்துக்கும் அனுப்பி, இந்த ஏழைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று எழுதினார்.

அலுவலகம் செய்தது. ஓடாத தறிக்கு நூல் எதற்கு என்று கேட்டு, விசாரணை முடியும்வரை எங்கள் தெருவுக்குப் பட்டு ஒதுக்கீட்டை நிறுத்தி வைத்தது.

5

இங்கே கொஞ்சம் இப்போதைய கதை. தாரிணியின் தாளில் என் பெயர் இருக்காது, ஆய்வு நெறிமுறை என்று பதினொரு நிமிடம் விளக்கியிருந்தாள். ஆனால் கடைசிக் கேள்வியில் 'உதவி தேவையா' என்ற கட்டத்தை, பாசத்தில், அவளே டிக் செய்துவிட்டாள். பிப்ரவரியிலிருந்து செவ்வாய்தோறும் மதியம் இரண்டு மணிக்கு ஓர் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டு, தனிமையாக உணர்கிறீர்களா என்று கேட்கிறாள். நான் தூங்கும் நேரம் ஒன்றரை முதல் இரண்டரை.

நிறுத்தச் சொன்னேன். நிறுத்துவதற்கு ஒரு படிவம் உண்டாம். அதில் நான் தனிமையாக இல்லை என்று என்னோடு அடிக்கடி பேசும் இருவர் கையெழுத்திட வேண்டும். நூலகக் கிழவர்களில் ஒருவர் ஃப்ளோரிடாவில், ஒருவர் மருத்துவமனையில். மற்ற இருவருக்கும் அதே அம்மாள் புதன்கிழமைகளில் கூப்பிடுகிறாள், அதனால் அவர்கள் கையெழுத்து செல்லாது.

"ஸாரி தாத்தா, நான் நல்லதுன்னு நினைச்சு பண்ணேன்," என்றாள் தாரிணி.

அருணாசலம் சாரும் இதையேதான் சொன்னார். அவர் ஸாரி சொல்லவில்லை.

6

1969 ஏப்ரல் முதல் தேதி அண்ணன் பட்டு வாங்க நெசவாளர் கூட்டுறவு சொசைட்டிக்குப் போய்க் காலிப் பையோடு வந்தான். ஒரு தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூல் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. இன்னொன்றில் அரக்கு நிறக் கல்யாணச் சேலை ஒன்று, இரண்டு கஜம் பாக்கி.

"பட்டு இல்லன்ட்டாங்க," என்று அண்ணியிடம் சொன்னான். "நம்ம தெருவுல தறியே ஓடலையாம். எவனோ எழுதிக் குடுத்துக்கிறான்."

"ஓடலையா? பின்ன ராவும் பகலும் காதுல வுழுவறது இன்னா சத்தம்?"

"அத்தத்தான் நானும் கேட்டேன். எழுத்துல இருக்குதாம். வைகாசிக் கல்யாணத்துக்கு ஆர்டர் வாங்கி வச்சிக்கிறேன் நாலு சேலை. பட்டு வரலன்னா அட்வான்ஸை எப்பிடித் திருப்பறது?" பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ படிச்சிக்கினு இரு. பரீட்சை வருது."

நான் படித்துக்கொண்டு இருந்தேன். நான்கு நாள் ஒரே பக்கத்தை. வாயைத் திறந்தால் பரிந்துரைக் கடிதம் போகும், எம்.ஏ. போகும். திறக்காவிட்டால் தொண்ணூற்றொரு தறிக்கும் வைகாசி போகும். இதில் யோசிக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டவன் அரசியல் அறிவியல் மாணவன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஐந்தாம் நாள் சாரிடம் போனேன்.

"அமாவாசைக்கும் தறிக்கும் என்னடே சம்பந்தம்?" என்றார்.

"அன்னிக்கு ஓட்டமாட்டாங்க சார்."

"யாரு?"

"யாருமே, சார்."

"அதை ஏம்டே எழுதல?"

"அதுக்குக் கட்டம் இல்ல சார். அதுவுமில்லாம, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாதே," என்றார். அறிக்கையின் நகலை எடுத்து மேசையில் விரித்தார். அப்புறம், "திருத்தி எழுதுதேன். ஆனா உனக்குக் கடிதம் கொடுக்க முடியாது கேட்டியா. என்னன்னு எழுத, கவனமா வேலை செய்வான்னா?" என்றார். அகராதியை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஐந்து பக்கம் படித்திருந்தேன்.

7

திருத்தத்துக்கு அலுவலகத்தின் பதில் பன்னிரண்டாம் தேதி சொசைட்டிக்கு வந்தது. முன்னே ஓடவில்லை என்றும் இப்போது ஓடுகிறது என்றும் எழுதப்பட்டிருப்பதால், அதிகாரி பதினாறாம் தேதி நேரில் வந்து பார்ப்பார். தறி ஓடினால் பட்டு, ஓடாவிட்டால் இல்லை.

அன்று சாயங்காலம் தெருப் பிள்ளையார் கோயிலில் கூட்டம். தெருவுக்குப் பெரியவரான வையாபுரி மாமா பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டுப் பேசினார்.

"பதினாறாந் தேதி புதன். சித்திரை அம்மாவாசை. அந்த அதிகாரி வூட்டுல காலண்டர் இல்லியா?"

"இருக்கும் மாமா. ஆபீசு காலண்டர். அதுல ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சிவப்பு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேற தேதி கேளுங்களேம்பா."

"கேட்டாச்சு," என்றார் சொசைட்டி எழுத்தர். "இத்த வுட்டா ஆடியிலதான் வருவாராம்."

"ஆடியில எவன்பா கல்யாணம் பண்றான்?"

அமாவாசையில் நாடாவைத் தொட ஒருவருக்கும் மனமில்லை. தொடாமல் வைகாசியை இழக்கவும் ஒருவருக்கும் வழியில்லை. வையாபுரி மாமா கேட்டார், "மொதல்ல இத்த எவன் எழுதிக் குடுத்தான்?"

"நான்தான் மாமா," என்று எழுந்தேன்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பப் பதினொரு விநாடி. எண்ணினேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கோயில் மணியின் நாக்கைப் பார்த்துக்கொண்டே, "இவனுக்குப் பீசு கட்றது நானு," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள், அதற்குமேல் சிரிப்பு ஓடவில்லை.

"அம்மாவாசையில ஃபாரம் எடுத்துக்கினு வந்தப்பவே நெனச்சேன்," என்றாள் பட்டம்மாள் அக்கா. "நெனச்சி இன்னா பண்றது, ரேகைய வச்சிட்டேன்."

கடைசியில் வையாபுரி மாமாதான் தீர்ப்புச் சொன்னார். "எழுதனவனே ஓட்டட்டும். பாவம்னு ஒண்ணு இருந்தா அது ஒருத்தன் தலையோட போவட்டும். ஒரு தறி ஓடனா போதும்."

"யாரு தறியில?" என்றான் அண்ணன்.

"உன் பீசுலதானேப்பா படிக்கிறான்."

பதினாறாம் தேதி. பத்து மணிக்கு வரவேண்டிய அதிகாரி பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் அண்ணி சாமி படத்துக்கு முன் இருந்த திரையை இழுத்துவிட்டாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். நிலைப்படியில் நின்று, திரும்பாமல், "வலது கால மொதல்ல மிதி. அழுத்தி அடிக்காதே, கல்யாணச் சேலை," என்றான். தெருக்கோடி வரை நடந்துபோய், எதிர்ப்புறம் பார்த்து நின்றுகொண்டான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஆறு வருடம் கழித்துக் குழியில் கால் வைத்தேன். தெரு முழுக்க அமைதி. அந்த அமைதியில் ஒரே ஒரு நாடாவின் சத்தம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அறுபத்து நான்கு வீடும் கேட்டிருக்கும்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இது ஓடுகிறதா?" என்று கேட்டார்.

"ஓடுது சார்," என்றார் எழுத்தர்.

"மற்றவை?"

"எல்லாம் இதே மாதிரிதான் சார்."

அவர் தொண்ணூற்றொன்றுக்கும் சேர்த்து ஒரு டிக் போட்டார். ஒன்றைப் பார்த்து மொத்தத்தையும் அறிவதற்கு மாதிரிக் கணிப்பு என்று பெயர். எங்களுக்கு அது மூன்றாவது பாடம். தொண்ணூற்றொன்றையும் பார்த்த நான் தப்பாக எழுதினேன், ஒன்றை மட்டும் பார்த்த அவர் சரியாக எழுதினார். இதைவிடச் சிறந்த சமூகவியல் பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை.

அதோடு போயிருக்கலாம். "பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டுமே," என்று பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்தார். நான் கையை நீட்டுவதற்குள், புதிதாக நெய்திருந்த இரண்டு விரற்கடைத் துணியின் மேல், ஊதா மையில் பளிச்சென்று குத்தினார். 'தணிக்கை செய்யப்பட்டது. 16.4.69.' நேராகக்கூடக் குத்தவில்லை.

மொத்தம் பதினான்கு நிமிடம். இருபத்தொன்றாம் தேதி தெருவுக்குப் பட்டு வந்தது. வைகாசி தப்பியது.

8

அண்ணன் அந்தச் சேலையை நெய்து முடித்து ஜவுளிக்கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் முத்திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா தணிகாசலம், சேலையா தபால் கவரா?" என்றாராம். தேதியைப் பார்த்து, அமாவாசையில் நெய்தது என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டதாம். சேலை வீட்டுக்கே திரும்பியது. நான்கு முறை அலசியும் சாயம் கொஞ்சம் வெளுத்ததே தவிர மை வெளுக்கவில்லை. அரசாங்க மை. அண்ணி அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டிக்கொண்டாள். வீட்டில் யாரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் ஆண்டுப் பீஸ் வழக்கம்போல் கட்டப்பட்டது.

பி.ஏ. முடித்தேன். எம்.ஏ. இல்லை. 1974 அக்டோபரில் இங்கே வந்து, ஒரு விவசாயக் கருவிக் கிடங்கில் போல்ட்டு எண்ணும் வேலையில் சேர்ந்தேன். முப்பத்தொரு வருடம். போல்ட்டுகளுக்கு அமாவாசை கிடையாது. ஒருமுறைகூட எண்ணிக்கை தப்பவில்லை.

முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அந்தச் சேலையின் பட்டுக்கும் சரிகைக்குமாக நூற்று அறுபத்து மூன்று ரூபாய் ஐம்பது காசுக்கு அண்ணன் பெயரில் வங்கி வரைவோலை எடுத்து அனுப்பினேன். கூடவே மூன்று பக்கம் மன்னிப்பு. ஐந்து வருடம் தாமதம்.

ஐந்து வாரம் கழித்து அவனிடமிருந்து உறை வந்தது. உள்ளே ஒரு தாளும், நான்காக மடித்த மூன்று ஒற்றை ரூபாய் நோட்டுகளும். தாரிணிக்கு இதைப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

'ஏகாம்பரத்துக்கு ஆசீர்வாதம். பணம் வந்தது. கணக்கு சரிதான், ஆனால் நீ ஒன்றை விட்டுவிட்டாய். அன்றைக்கு நம் தெருவில் நெய்தவன் நீ ஒருவன்தான். நெய்தவனுக்குக் கூலி உண்டு. அமாவாசைக் கூலிக்கு ஊரில் ரேட்டு இல்லை, நானாகப் போட்டேன். பதினாலு நிமிஷத்துக்கு இது அதிகம்தான், வைத்துக்கொள்.'

தாரிணி தன் கேள்விகளின் அச்சுப் பிரதியைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டாள். என்னவென்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று நோட்டும் இன்னும் அதே உறையில் இருக்கின்றன, மாற்றவில்லை. நூற்று அறுபத்து மூன்றரையில் மூன்று போக, எனக்கு ஆன செலவு நூற்று அறுபது ரூபாய் ஐம்பது காசு.